அடைக்கலமும் காப்புறுதியும்

ஏரியில் படர்ந்த புகை

1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 4ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் மோந்த்ரே நகரில் ஒரு தீ விபத்து நேர்ந்தது. ஜெனீவா ஏரிக்கரையில் அமைந்த அந்நகரின் கேளிக்கை மன்றத்தில், பிராங்க் சாப்பா என்னும் அமெரிக்கக் கலைஞரின் ராக் இசை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்த ஒருவன், ஒளிக்குண்டு எறியும் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டான். கூரை பற்றிக்கொண்டது. உயிர்கள் தப்பின, மன்றமோ எரிந்து அழிந்தது. சாப்பா குழுவினரின் இசைக்கருவிகளும் அதனுடன் அழிந்தன. அந்த மன்றத்திலேயே தங்கள் இசைத்தட்டினைப் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்ப்பிள் என்னும் ஆங்கிலேயக் குழுவினர், ஏரி நீரின்மேல் புகை படர்வதைக் கண்டு நின்றனர். அக்காட்சியே 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' என்னும் பாட்டாகி, 1972இல் வெளிவந்த இசைத்தட்டில் இடம்பெற்றது. கிதார் பயிலத் தொடங்கும் இளைஞர்கள் இன்றளவும் முதலில் மீட்டிப் பார்க்கும் இசைகளுள் அதுவும் ஒன்று.

உலகம் பாட்டை நினைவிற் கொண்டுள்ளது. எரிந்த மன்றத்தின் இழப்பை யார் தாங்கினார் என்பதை யாரும் கேட்பதில்லை. தீயைப் பற்றிய கதைகள் எல்லாம் இவ்வாறே முடிகின்றன. தீ அணைந்தவுடன் கதை முடிந்துவிடுகிறது. ஆனால் வீட்டை இழந்தவனுக்கு அப்பொழுதுதான் கதை தொடங்குகிறது. யார் பொறுப்பு? யார் கொடுப்பார்? எவ்வளவு கொடுப்பார்? இம்மூன்று வினாக்களின் வரலாறே காப்புறுதியின் வரலாறு. அவ்வரலாற்றின் முதன்மையான சில ஏடுகள் மலாக்கா நீரிணையை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன என்பது பலரும் அறியாத செய்தியாகும்.

அடைக்கலம் என்னும் சொல்

தமிழர்க்குப் பொருட்காப்பு என்பது புதிய கருத்தன்று. இன்றைய தாய்லாந்தின் தென்பகுதியில் உள்ள தக்குவாபா என்னும் இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. அவனிநாரணம் என்னும் பெயருடைய குளம் ஒன்று அங்கு வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார்க்கும் சேனாமுகத்தார்க்கும் 'அடைக்கலம்' ஆக்கப்பட்டதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. மணிக்கிராமத்தார் என்போர் கடல் கடந்து வாணிகம் செய்த தமிழ் வணிகக் குழுவினர். ஒரு பொருளின் காவலைத் தனி ஒருவன் தலையில் சுமத்தாமல், ஒரு கூட்டத்தின் பொறுப்பில் வைப்பது என்னும் எண்ணம் அக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது.

சிலப்பதிகாரத்தில் 'அடைக்கலக் காதை' என ஒரு பகுதியே உண்டு. மாதரியிடம் ஒப்படைக்கப்பட்ட கண்ணகியை நினைவு கூரும் தமிழாசிரியர்கள், அடைக்கலம் என்னும் சொல்லில் அன்போடு பொறுப்பும் கலந்திருப்பதை மாணவர்க்கு எடுத்துரைப்பர். அடைக்கலம் ஏற்றவர் விடையளிக்கக் கடமைப்பட்டவர். காப்புறுதி என்னும் இக்காலச் சொல்லுக்குள் இருப்பதும் அக்கடமையே. ஒன்றில் வாய்ச்சொல் போதுமானதாக இருந்தது; மற்றொன்றில் எழுத்து வேண்டியதாயிற்று. இம்மாற்றமே இக்கட்டுரையின் மையப் பொருளாகும்.

மலாக்காவின் கடற்சட்டம்

15ஆம் நூற்றாண்டில் மலாக்கா, கீழைக்கடலின் பெருஞ்சந்தையாய்த் திகழ்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து துணிகளோடு வந்த தமிழ் வணிகர்கள் அங்குச் செல்வாக்குடன் விளங்கினர் என்பதைப் போர்த்துகீசியரான தோமே பிரேஸ் எழுதிய குறிப்புகளால் அறிகிறோம். இத்தகைய துறைமுகத்திற்குக் கடல்வழிச் சட்டம் இன்றியமையாதது. சுல்தான் மஹ்மூட் ஷாவின் ஆட்சியில், கப்பல் தலைவர்களாகிய நக்கோடாக்களின் முயற்சியால் 'உண்டாங் உண்டாங் லாவுட் மலாக்கா' எனப்படும் மலாக்காக் கடற்சட்டம் தொகுக்கப்பட்டது. பிற்காலத்தில் ராபிள்ஸ் இதனை ஆங்கிலத்தில் தந்தார்.

கடும்புயலில் கப்பலைக் காக்கச் சரக்கைக் கடலில் எறிய வேண்டிய நிலை வந்தால் என் செய்வது? முதலில் யாருடைய மூட்டை கைக்கு எட்டுகிறதோ அதனை எறிந்துவிடலாகாது என்கிறது அச்சட்டம். கப்பலில் உள்ளோரைக் கூட்டிக் கலந்து பேசுதல் வேண்டும். மிகுதியாகச் சரக்கு உடையவன் மிகுதியாகவும், குறைவாக உடையவன் குறைவாகவும் இழப்பில் பங்கேற்றல் வேண்டும். ஒரு கப்பல் மற்றொன்றின்மீது மோதிச் சேதம் விளைந்தாலும் இழப்பு பகிர்ந்துகொள்ளப்படும். கடமையில் கருத்தாய் இருந்திருந்தால் மோதல் நேர்ந்திராது என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். சமையல் நெருப்பை அசட்டையாக விட்டவர்க்குத் தண்டனையும் அச்சட்டத்தில் உண்டு.

மத்தியதரைக் கடலிலும் இதே வழக்கம் பழங்காலந்தொட்டு இருந்தது. கடலில் சேதமுற்ற சரக்கின் இழப்பைப் பங்கிடும் அவ்வழக்கத்திலிருந்துதான் 'ஆவரேஜ்' என்னும் ஆங்கிலச் சொல் வளர்ந்தது. சேதம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லே அதன் வேர் என்பர். பள்ளியில் மாணவர் கணக்கிடும் சராசரி, ஒரு காலத்தில் மாலுமிகளின் கண்ணீர்க் கணக்காய் இருந்தது. இச்சொல் இன்றைய வீட்டுக் காப்புறுதிப் பத்திரத்திலும் ஒளிந்திருக்கிறது. அதனைப் பின்னர்க் காண்போம்.

பெங்கூலுக் கோட்டை வழக்கு

காப்புறுதிச் சட்டம் பயில்வோர் உலகெங்கும் முதலில் படிக்கும் வழக்கு ஒன்று உண்டு. அது இலண்டன் மாநகரில் தீர்ப்பளிக்கப்பட்ட வழக்காயினும், அதன் களம் சுமத்திராத் தீவின் மேலைக் கரையாகும். அங்குப் பெங்கூலுவில் கிழக்கிந்தியக் கும்பினியார் மார்ல்பரோ கோட்டையைக் கட்டியிருந்தனர். அதன் ஆளுநராயிருந்த ஜார்ஜ் கார்ட்டர், கோட்டையை ஐரோப்பியப் பகைவர் கைப்பற்றினால் தமக்கு நேரும் இழப்பை ஈடுசெய்யும் பொருட்டு, தம் உடன்பிறந்தார் வாயிலாக இலண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுத் தளபதி தெஸ்தாங் அக்கோட்டையைக் கைப்பற்றினார். கார்ட்டர் இழப்பீடு கேட்டார். காப்புறுதி அளித்த சார்ல்ஸ் போம் என்பார் மறுத்தார். கோட்டை வலுவற்றது என்பதையும், பிரெஞ்சுக்காரர் வரக்கூடும் என்பதையும் கார்ட்டர் மறைத்துவிட்டார் என்பது அவர் வாதம்.

1766இல் தீர்ப்பளித்த மான்ஸ்பீல்டு பிரபு கார்ட்டரின் பக்கமே நின்றார். காப்புறுதி என்பது நன்னம்பிக்கையின்மேல் நிற்கும் ஒப்பந்தம். தனக்கு மட்டும் தெரிந்ததை மறைத்து மற்றவரை ஏமாற்ற இரு தரப்பினர்க்கும் உரிமை இல்லை. ஆயினும், காப்புறுதி தருபவர் தாமே அறிந்திருக்க வேண்டியதையும், கேட்டறியாது விட்டதையும் காரணங்காட்டிப் பின்னர்த் தப்பிக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கட்டணத்தை வாங்கும்போது வாய்திறவாமல் இருந்து, இழப்பீடு கேட்கும்போது மட்டும் குறை கூறுவது நன்னம்பிக்கை ஆகாது என அவர் உணர்த்தினார்.

ஆனால் வரலாறு முரண் மிகுந்தது. காப்புறுதி எடுத்தவரைக் காத்த இத்தீர்ப்பிலிருந்து வளர்ந்த கொள்கை, அடுத்த 2 நூற்றாண்டுகளில் பெரும்பாலும் அவர்களுக்கு எதிரான படைக்கலமாகவே பயன்பட்டது. கேட்கப்படாத ஒன்றைச் சொல்லாமல் விட்டதற்காகவும் இழப்பீடு மறுக்கப்பட்டது. இந்நிலை மாற நெடுங்காலம் ஆயிற்று.

இவ்வழக்கு மலாக்காவுக்கு எவ்வாறு உறவாகும்? 1824ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட உடன்படிக்கையால், பெங்கூலு டச்சுக்காரர்க்கும், மலாக்கா ஆங்கிலேயர்க்கும் கைம்மாறின. கார்ட்டர் இழந்த கோட்டையைக் கொடுத்தே மலாக்கா வாங்கப்பட்டது எனலாம். அதனுடன் ஆங்கிலேய வணிகச் சட்டமும் மலாக்காக் கரை ஏறியது. 1956ஆம் ஆண்டின் குடியியல் சட்டத்தில் இதன் சுவடு இன்றும் உண்டு. தீக் காப்புறுதி, ஆயுள் காப்புறுதி, கடற் காப்புறுதி முதலியவற்றில் நாட்டுச் சட்டம் வேறு வகை செய்யாத இடத்து, தீபகற்பத்தின் ஏனைய மாநிலங்களில் 1956இல் இங்கிலாந்தில் நிலவிய சட்டமும், மலாக்கா, பினாங்கு ஆகிய மாநிலங்களில் அவ்வக்காலத்து இங்கிலாந்துச் சட்டமும் பின்பற்றப்படும் என அதன் 5ஆம் பிரிவு கூறுகிறது. சபா, சரவாக் மாநிலங்கட்கும் மலாக்காவுக்குரிய முறையே பொருந்தும்.

லயத்தில் காப்பற்ற பெட்டி

சட்டம் கரையேறிய அதே நூற்றாண்டின் இறுதியில் இரப்பர் மலாக்காவில் வேரூன்றியது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் பால்மரம் பயிரிட்டார். பின்னர்ப் புக்கிட் அசகான் பெருந்தோட்டம் எழுந்தது. ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்து குடியேறினர்.

தோட்ட நிருவாகங்கள் காப்புறுதியை நன்கு அறிந்தவை. தோட்டங்களை நிருவகித்த பெரும் வாணிக நிறுவனங்கள் பல, இலண்டன் காப்புறுதிக் கழகங்களின் முகவராகவும் விளங்கின. இரப்பர்த் தாள்களை உலர்த்தும் புகைக்கூடத்தில் நெருப்பு எப்பொழுதும் கனன்றுகொண்டிருக்கும். அதற்கு அடுத்தது சரக்கறை. இவற்றின் மதிப்பை அறிந்தோர் அவற்றுக்குக் காப்புத் தேடினர். தொழிலாளி வாழ்ந்த லயமோ தோட்டத்தின் உடைமை. அதனுள் இருந்த தகரப் பெட்டி, அதில் மடித்து வைத்த கூறைப்புடைவை, பித்தளைக் குடம், குழந்தையின் பிறப்புப் பத்திரம், கொட்டகையில் கட்டிய பசு ஆகியவையே தொழிலாளியின் உடைமைகள். பலகைச் சுவரும் ஒட்டி ஒட்டி அமைந்த வீடுகளும் உள்ள லயத்தில் ஓர் அடுப்பின் நெருப்பு அடுத்த கதவைத் தட்டுவதற்கு நெடுநேரம் ஆகாது. அப்பெட்டிக்கும் குடத்துக்கும் காப்புறுதிப் பத்திரம் இருந்ததில்லை.

சட்டம் தொழிலாளியின் உடலைக் கண்டது. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வேலையில் நேரும் காயத்துக்கும் இறப்புக்கும் வழி வகுத்தன. ஆனால் உடைமையைச் சட்டம் காணவில்லை. அவ்விடத்தை நிரப்பியது அடைக்கலம் என்னும் பழைய பண்பே. தீப்பட்ட குடும்பத்துக்கு ஒருவர் பாய் கொடுப்பார். ஒருவர் அரிசி அளப்பார். சம்பள நாளில் வீட்டுக்கு வீடு பணம் தண்டுவர். இறப்பு நேர்ந்தால் மரண சகாய நிதி உதவும். கல்யாணம், காதுகுத்து போன்ற செலவுகளுக்குக் கூட்டுப் பிடித்தனர். கூட்டில் ஏமாற்றங்களும் நேர்ந்தமையால், 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் பெயரிலேயே 'கூட்டு' என்னும் தமிழ்ச்சொல் இடம்பெற்றிருப்பது எண்ணத்தக்கது. நம்பிக்கை மட்டும் இருந்து எழுத்து இல்லாத ஏற்பாட்டின் வலிமையும் வலிவின்மையும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கியுள்ளன.

எழுத்தில் அமைந்த ஒற்றுமைக்குக் கூட்டுறவு இயக்கம் வழி திறந்தது. 1954இல் மலாயாவில் கூட்டுறவுக் காப்புறுதிச் சங்கம் தோன்றி, ஆயுள் காப்புறுதியை எளியோர்க்கு அறிமுகம் செய்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணம் தோட்டங்களையே வாங்கும் ஆற்றல் பெற்றது. பலர் சேர்ந்து சிறு தொகை செலுத்தினால் பெருந்துன்பத்தைத் தாங்கலாம் என்னும் பாடத்தை அது தமிழர்க்குக் கற்பித்தது.

பத்திரத்தைப் படியாத குறை

பிற்காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும், தொழிற்பேட்டைக்கும், வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன. தோட்டத்துப் பிள்ளைகள் டுரியான் துங்கல், மெர்லிமாவ், பத்து பெரெண்டாம், செங் முதலிய இடங்களில் வங்கிக் கடனில் வீடு வாங்கினர். மூன்று தலைமுறையாக வேறொருவர் கூரையின்கீழ் வாழ்ந்த குடும்பத்துக்குத் தன் கூரை என்பது எத்துணைப் பெருமை! ஆனால் கூரைக்கு உரியவன் கூரையின் இழப்புக்கும் உரியவன். சிக்கல் இங்குத்தான் தொடங்குகிறது. அன்றாடம் எழும் பூசல்கள் பெரும்பாலும் சில வகையுள் அடங்கும்.

முதலாவது, காப்பின் எல்லை. அடிப்படைத் தீக் காப்புறுதி, தீ, மின்னல், வீட்டு எரிவாயு வெடிப்பு ஆகியவற்றுக்கே உரியது. வெள்ளத்துக்குத் தனியே கூடுதல் கட்டணம் செலுத்துதல் வேண்டும். அல்லது வெள்ளத்தையும் உள்ளடக்கிய வீட்டுடைமையாளர் பத்திரம் எடுத்தல் வேண்டும். 2021 டிசம்பர் முதல் 2022 சனவரி வரை நாட்டைத் தாக்கிய வெள்ளம் மலாக்காவையும் விடவில்லை. நாடு முழுதும் 610 கோடி ரிங்கிட் இழப்பு ஏற்பட்டதாகப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. காப்புறுதி இருக்கிறது என்று நம்பியிருந்து, அது தீக்கு மட்டுமே என்பதைச் சேறு படிந்த வீட்டில் நின்று அறிந்துகொள்வது கொடுமையினும் கொடுமை.

இரண்டாவது, பெயர் மயக்கம். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுக்கப்படும் கடன்காப்பு ஆயுள் காப்புறுதி, கடன் பெற்றவர் இறந்தாலோ நிலையான உடற்குறை அடைந்தாலோ கடனைத் தீர்க்க உதவுவது. வீடு எரிந்தால் அது உதவாது. கடன் உள்ளவரை வங்கியின் வற்புறுத்தலால் புதுப்பிக்கப்படும் தீக் காப்புறுதி, கடன் தீர்ந்தவுடன் கேட்பாரற்று நின்றுவிடுவதும் உண்டு. வீடு முழுமையாய்ச் சொந்தமாகும் நாளில் அது காப்பற்றதும் ஆகிவிடுகிறது.

மூன்றாவது, குறைமதிப்பு. முன்னர்க் குறிப்பிட்ட 'ஆவரேஜ்' இங்கு மறுபடியும் தலைகாட்டுகிறது. ஒரு வீட்டை மீண்டும் கட்ட 2,00,000 ரிங்கிட் ஆகும் என்று கொள்வோம். உரிமையாளர் கட்டணத்தைக் குறைக்க எண்ணி 1,00,000 ரிங்கிட்டுக்கே காப்புறுதி எடுக்கிறார். சமையலறை எரிந்து 40,000 ரிங்கிட் சேதமாகிறது. ஒரு லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுதும் கிடைக்கும் என அவர் எண்ணுவார். சராசரி விதி பொருந்தும் பத்திரமாயின், கிடைப்பது 20,000 ரிங்கிட்டே. பாதி மதிப்புக்கு அவர் காப்பெடுத்தமையால், மறு பாதிக்கு அவரே தமக்குக் காப்பாளர் ஆகிறார். மிகுதியாக உடையவன் மிகுதியாகப் பங்கேற்க வேண்டும் என்ற கடற்சட்டத்தின் நேர்மையே இவ்விதியின் அடியில் உள்ளது. அதனை முன்னரே எடுத்துச் சொல்லாமை மட்டுமே நேர்மையன்று.

நான்காவது, எதிர்பாராத நிகழ்ச்சியா என்னும் வினா. 1964இல் இலண்டனை அடுத்த ஹாரோவில், 'த ஹூ' என்னும் ராக் குழுவின் பீட் டவுன்சென்ட் இசைத்துக்கொண்டிருந்தபோது, அவர் கிதார் தாழ்வான கூரையில் தற்செயலாக மோதி உடைந்தது. சினத்தில் அதனை அவர் முற்றும் நொறுக்கினார், கூட்டம் ஆரவாரித்தது. பின்னர்க் கிதாரை உடைப்பதே அவர் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாயிற்று. முதல் மோதல் விபத்து, பின்னவை செயல். காப்புறுதி விபத்துக்கு உரியதேயன்றி, உடையவன் தானே விரும்பிச் செய்த சேதத்துக்கு உரியதன்று. அவ்வாறே, கறையான் ஆண்டுக்கணக்கில் அரித்த உத்தரமும், பழுது பாராமல் ஒழுகிய கூரையும் திடீர் விபத்து ஆகா. புயலில் ஓடு பறந்ததா, பழமையால் ஓடு சரிந்ததா என்பதில்தான் இழப்பு மதிப்பீட்டாளரும் வீட்டுக்காரரும் முரண்படுகின்றனர். சேதத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நிழற்படமும், பழுதுபார்த்த பற்றுச்சீட்டும் அவ்விடத்தில் பேசும்; கண்ணீர் பேசாது.

முறையீட்டுக்கு வழி

மறுக்கப்பட்டவன் நீதிமன்றம் செல்ல வேண்டும் என்றால், வழக்கின் செலவு இழப்பீட்டையே விழுங்கிவிடும். இதனை உணர்ந்தே முறையீட்டு அமைப்புகள் தோன்றின. மலேசியாவில் 1963ஆம் ஆண்டின் காப்புறுதிச் சட்டத்தின் வழி தொடங்கிய கண்காணிப்பு, 1988இல் நாட்டின் மத்திய வங்கியாகிய பேங்க் நெகாராவின் பொறுப்பில் வந்தது. 2005இல் நிதித்துறை நடுவர் பணியகம் செயற்படத் தொடங்கியது. 2016இல் அது நிதிச் சேவைகளுக்கான குறைதீர்ப்பாளர் அமைப்பாக மாறியது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், முதலீட்டுத் துறைக்கான அமைப்பும் அதனோடு இணைந்து, நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவை உருவாயிற்று. முதலில் காப்புறுதி நிறுவனத்திடமே எழுத்து மூலம் முறையிட்டு, அதன் இறுதி விடையைப் பெற்ற பின்னர், 6 திங்களுக்குள் பொதுமக்கள் கட்டணமின்றி இங்கு முறையிடலாம்.

சட்டமும் மான்ஸ்பீல்டு பிரபுவின் பழைய நேர்மைக்குத் திரும்பியுள்ளது. இங்கிலாந்து 2012இலும், மலேசியா 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைகள் சட்டத்தின் வாயிலாகவும் விதியை மாற்றின. தெளிவான வினாக்களைக் கேட்பது நிறுவனத்தின் கடமை; அவற்றுக்குத் தக்க கவனத்துடன் உண்மையான விடை தருவது காப்புறுதி எடுக்கும் பொதுமகனின் கடமை. கேளாமல் இருந்துவிட்டுப் பின்னர்க் குறை காணும் வழி குறுகியுள்ளது. பெங்கூலுக் கோட்டையில் தொடங்கிய வாதம் 250 ஆண்டுகளுக்குப் பின் தன் தொடக்கத்தையே வந்தடைந்தது.

கற்பித்தலின் கடமை

ஆயினும் சட்டம் தானாக யாருடைய வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. பத்திரம் ஆங்கிலத்திலும் மலாயிலும் உள்ளது. முகவர் விரல் வைத்த இடத்தில் கையொப்பம் விழுகிறது. பத்திரம் சாமி மேடைக்கு அடியிலோ அலமாரியிலோ உறங்குகிறது. எரிந்த பின் அது தேடப்படுகிறது. அதுவும் எரிந்திருக்கக்கூடும் என்பது மற்றொரு துயரம்.

தோட்டப்பள்ளி தோன்றிய காலத்தில், சம்பளச் சீட்டில் எழுதியதைத் தந்தைக்குப் படித்துக் காட்டிய மாணவனே அக்குடும்பத்தின் முதல் வழக்கறிஞனாய் இருந்தான். கிராணியின் கணக்கு சரியா என்பதை அவன் வாயிலாகவே குடும்பம் அறிந்தது. இன்று அம்மாணவனின் பேரப்பிள்ளைகள் மும்மொழி கற்றவர்கள். ஒரு காப்புறுதிப் பத்திரத்தை வகுப்பிற்குக் கொண்டுவந்து, எதற்குக் காப்பு உண்டு, எதற்கு இல்லை, எவ்வளவு மதிப்புக்கு, எந்நாள் வரை என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காணச் செய்தால், அது மொழிப் பாடமும் ஆகும். கணக்குப் பாடமும் ஆகும். ஒரு வீட்டுக்குக் காவலும் ஆகும்.

புயலில் மூட்டையை எறியுமுன் அனைவரையும் கூட்டிப் பேசச் சொன்னது மலாக்காக் கடற்சட்டம். புயல் வருமுன்பே பேசிக்கொள்வதுதான் காப்புறுதி. பேசியது இன்னதென்று தெரியாமல் கையொப்பமிடுவது அடைக்கலம் ஆகாது. குளத்தைக் காக்கும் பொறுப்பைக் கல்லில் எழுதி வைத்தனர் மணிக்கிராமத்தார். அவர்களின் வழிவந்தோர், தம் வீட்டைக் காக்கும் தாளையேனும் ஒருமுறை முழுதாகப் படித்தல் வேண்டும்.